பித்தப்பைப் புற்றுநோய் எலும்புக்கு வந்த பிறகு: தெல்லிப்பழையா, மகரகமவா, சென்னையா, வீடா?

பித்தப்பையில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் போய்விட்டது என்று ஸ்கான் சொன்ன அன்றைக்கே எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குள் நாலு கட்சி உருவாகிவிடும். ரொறன்ரோவில் இருக்கிற மகன் "காசு பிரச்சினை இல்லை, சென்னைக்குக் கொண்டு போங்கோ" என்பார். கொழும்பில் இருக்கிற மருமகன் அங்கே மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் இருக்கிறார் என்பார். பக்கத்து வீட்டு அக்கா, இங்க தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் இருக்குதே, ஏன் அலையிறியள் என்று கேட்பார். வயது போன ஒருவர், அநேகமாக நோயாளியின் தமையன், "அவளை இனி உத்தரிக்க விடாதேங்கோ, வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டைக் கிட்ட இழுத்துக்கொள்வார். நாலு பேரும் அன்பில்தான் சொல்கிறார்கள். அதனால்தான் யாரையும் மறுத்துப் பேச முடியாமல் வாரங்கள் ஓடிவிடுகின்றன.

என் பெரியம்மாவுக்கு இந்த வருத்தம் வந்தபோது கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்தது நான்தான். நான் வைத்தியம் படித்த ஆள் இல்லை, கேட்டும் வாசித்தும் அறிந்ததை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ஊர் என்ற கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். முதலில் எந்தக் கஷ்டத்துக்கு மருந்து தேடுகிறோம் என்று பிரித்துப் பாருங்கள். எலும்பு நோவா, செங்கண்மாரியா, நோயின் ஓட்டத்தை மெதுவாக்குவதா? மூன்றுக்கும் விடை வேறு வேறு. அதைப் பிரித்த பிறகு பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்கு ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். பித்தப்பைப் புற்றுநோய் பொதுவாக ஈரலுக்கும் நெறிக்கட்டிகளுக்கும் வயிற்று உறைக்கும்தான் முதலில் பரவும், எலும்புக்குப் போவது குறைவு. பெண்களுக்கு அதிகம், பித்தக்கல்லோடு நெடுநாள் இருந்தவர்களிடம் அதிகம் காணப்படுகிறது, வட இந்தியாவில் கங்கைச் சமவெளியிலும் தென்னமெரிக்காவில் சிலியிலும் உலகிலேயே கூடுதலாக வருகிறது. கல் எடுக்கவென்று பித்தப்பையை வெட்டி எடுத்து, அதைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு புற்றுநோய் என்று தெரியவருவதும் சாதாரணம். எலும்பில் வந்துவிட்டால் அது நாலாம் கட்டம். வெட்டி எடுத்துக் குணமாக்கும் கட்டம் தாண்டிவிட்டது. இதை எந்த ஊரும் மாற்றாது. சென்னைக்குப் போனாலும் லண்டனுக்குப் போனாலும் நாலாம் கட்டம் நாலாம் கட்டம்தான். இதை வீட்டில் ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் கதையும் "மாறுமா" என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

சரி, எலும்பு நோவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நோயாளியைப் படுக்கையில் தள்ளுவது அநேகமாக அதுதான். முள்ளந்தண்டிலோ இடுப்பெலும்பிலோ தொடை எலும்பிலோ புற்றுநோய் இருந்தால் அந்த இடம் கறையான் தின்ற கூரை வளை மாதிரி, வெளியே முழுசாகத் தெரியும், பாரம் ஏறினால் போய்விடும். இதற்கு முதல் தெரிவு கதிர்வீச்சு, எங்கள் வாயில் ரேடியேசன். இங்கே ஒரு ஒப்பீட்டைப் பலர் கேள்விப்படுவதே இல்லை: ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு) கொடுப்பது ஒரு முறை, 20 கிரேயை ஐந்து நாளாகவோ 30 கிரேயைப் பத்து நாளாகவோ பிரித்துக் கொடுப்பது இன்னொரு முறை. நோ குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டிலும் பத்தில் ஆறு பேர் அளவுக்கு நோ குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசம் எங்கே என்றால், ஒரே தடவை எடுத்தவர்களில் நூற்றுக்கு இருபது பேர் வரையில் அதே இடத்துக்குப் பிறகு திரும்ப ரேடியேசன் எடுக்க வேண்டி வருகிறது, பிரித்து எடுத்தவர்களில் அது எட்டுப் பேர் அளவு.

இப்போது இதை எங்கள் நிலைமையில் வைத்துப் பாருங்கள். சாவகச்சேரியிலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கிற, வாகனத்தில் ஏறி இறங்கவே கத்துகிற ஒரு அம்மாவைப் பத்து நாள் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதா, ஒரு நாளோடு முடிப்பதா? என்னைக் கேட்டால், முறிவு இல்லாத, நரம்பு நசியாத சாதாரண எலும்பு நோவுக்கு ஒரே தடவைதான். "ஒரு நாளில் முடிக்க ஏலுமா டொக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். முள்ளந்தண்டு நரம்பு நசிந்திருந்தாலோ எலும்புக்கு ஆணி வைத்த பிறகோ வைத்தியர் வேறு கணக்குப் போடக்கூடும், அதை அவரிடமே விடலாம். இன்னொன்று, ரேடியேசன் கொடுத்த முதல் சில நாட்களில் நோ கூடுவதும் உண்டு, அதைப் பார்த்து "கறண்ட் வைச்சுப் பழுதாக்கிப் போட்டினம்" என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். அது சிலருக்கு வருவதுதான், டெக்சாமெதசோன் குளிசை கொடுத்தால் அடங்கும். நோ நன்றாகக் குறைய இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம், அதுவரைக்கும் மோர்பின் வேண்டும்.

மோர்பின் என்றவுடன் எங்கள் ஆட்களுக்கு முகம் மாறும். "அதைத் தொடங்கினால் கடைசிதானே." இல்லை. கடைசிக்கு வைத்திருக்கிற மருந்து இல்லை அது, நோவுக்குரிய மருந்து, நோ குறைந்தால் அளவையும் குறைப்பார்கள். இந்த நோவுக்கு எடுக்கிற ஆள் அடிமையாவார் என்ற பயமும் தேவையில்லாதது. சரியான விதம்: வாயால் எடுக்கிற சாதாரண மோர்பின் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நோ வந்தாலும் வராவிட்டாலும். பெரியம்மாவின் மகள் லலா நாட்காட்டியின் பின்பக்கத்தில் 6, 10, 2, 6, 10 என்று கோடு கீறி ஒவ்வொரு முறையும் கொடுத்ததும் ஒரு புள்ளி போட்டு வைத்தாள், இரவு பத்து மணிக்குரியதை இரட்டித்துக் கொடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதியிருந்தபடியால் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டியிருக்கவில்லை. இடையில் நோ கிளம்பினால் கொடுக்க மேலதிகமாக ஒரு அளவு எழுதித் தருவார்கள், அது எத்தனை முறை தேவைப்பட்டது என்பதையும் எழுதி வைத்தால் அடுத்த கிளினிக்கில் அளவைச் சரிசெய்ய அதுதான் உதவும். மோர்பின் தொடங்குகிற அன்றே மலம் இளக்குகிற மருந்தும் தொடங்க வேண்டும், இதை மறந்தால் நோவைவிட வயிறு பெரிய பிரச்சினையாகிவிடும். முதல் சில நாள் சத்தியும் தூக்கமும் இருக்கும், பிறகு பழகும். நீண்ட நேரம் வேலை செய்கிற குளிசையாக இருந்தால் உடைத்து, இடித்துக் கொடுக்கக் கூடாது. ஆளை எழுப்ப முடியாத அளவுக்கு நித்திரை, கை கால் துடிப்பு என்று கண்டால் உடனே அறிவியுங்கள், சிறுநீரகமோ ஈரலோ தளர்ந்தால் அளவை மாற்ற வேண்டி வரும்.

இதற்குப் பதிலாகப் பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். நோ குறையத்தான் செய்யும். ஆனால் அந்த ஆளுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏத்துவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். பனடோல் பரவாயில்லை, அளவோடு.

எலும்பை உறுதிப்படுத்த சொலெட்ரோனிக் அமிலம் என்று ஒரு ஊசி மருந்து இருக்கிறது, 4 மில்லிகிராம், கால் மணித்தியாலம் எடுத்து மெதுவாக ஏத்துவார்கள். மாதம் ஒருமுறை என்று இருந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் போதும் என்று 2017 இல் வந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. முறிவுகளைக் குறைக்கும், நோவிலும் கொஞ்சம் உதவும், ஆனால் அதன் பலன் மாதக்கணக்கில்தான் தெரியும். ஆகவே சில வாரங்களே இருக்கிறது என்ற நிலையில் நான் அதற்கு அலைய மாட்டேன். கொடுப்பதாக இருந்தால் முதலில் பல்லைப் பாருங்கள். வெற்றிலை போட்டுப் போட்டு ஆடுகிற பல்லோடு இருக்கிற அம்மாமாருக்கு, ஊசி ஏத்திய பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகுகிற ஒரு சிக்கல் வரலாம். பிடுங்க வேண்டியதை முதலே பிடுங்கிவிட வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவுவது, முறிவு நெறிவு பார்க்கிற பரியாரியாரிடம் கொண்டுபோவது இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. இந்த வைத்தியத்தில் குணமான முறிவுகள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புற்றுநோய் தின்ற எலும்பு வேறு. அதை இழுத்து உருவினால் உடையும். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு நன்றாக அரித்துப்போயிருக்கிறது என்றால், உடைய முதலே உள்ளே ஆணி வைத்துவிடலாமா என்று எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்பதுதான் பொருத்தம். உடைந்த பிறகு செய்வதைவிட அது எவ்வளவோ லேசு.

இங்கே நிதானமாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. முதுகு நோவோடு கால் சோர்ந்து போகிறது, நடை தள்ளாடுகிறது, இடுப்புக்குக் கீழே மரத்தது மாதிரி இருக்கிறது, சலம் போக மாட்டேன் என்கிறது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, இரவாக இருந்தாலும், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கோ போங்கள். முள்ளந்தண்டுக்குள் நரம்பு நசிகிறது என்று அர்த்தம். டெக்சாமெதசோன் ஊசியும் ரேடியேசனும் மணிக்கணக்கில் தொடங்க வேண்டிய விசயம். நடந்துகொண்டு வருகிறவரைத்தான் நடக்க வைக்க முடியும், கால் இரண்டும் விழுந்து நாள் கடந்து வந்தால் அநேகமாகத் திரும்பாது. "திங்கட்கிழமை கிளினிக் இருக்குத்தானே" என்று வெள்ளிக்கிழமை இரவு இருந்துவிடாதீர்கள். அதேபோல தாகம் கூடி, ஆள் குழம்பிக் கதைத்து, எந்நேரமும் நித்திரையாக இருந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறியிருக்கலாம். இதற்கும் மருந்து இருக்கிறது, கேட்டுப் பார்க்காமல் "கடைசிக் காலம்" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது கஷ்டம் செங்கண்மாரி. கட்டி பித்தக் குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் கடிக்கும், சலம் தேயிலைச் சாயமாகப் போகும், மலம் வெளிறும். கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பதில் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அடைப்பால் வந்த செங்கண்மாரிக்கு அடைப்பை எடுத்தால்தான் வழி. வாய் வழியாகக் குழாயை விட்டு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வைக்கிற ஈ.ஆர்.சி.பி. ஒரு முறை, விலாப் பக்கமாகத் தோலைத் துளைத்து ஈரலுக்குள் குழாய் வைத்து வெளியே பையில் பித்தத்தை எடுப்பது இன்னொரு முறை. உள்ளே வைப்பது நோயாளிக்கு வசதி. பை தொங்குவது கஷ்டம்தான், ஆனால் ஈரலுக்குக் கிட்ட மேலே அடைத்திருந்தால் சில வேளை அதுதான் நடக்கும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதமளவில் அடைபடும், உலோக ஸ்டென்ட் கூடுதல் காலம் நிற்கும், விலையும் கூட. எது வைத்தாலும் பிறகு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் கிருமி ஏறிவிட்டது என்று எடுத்து உடனே ஓட வேண்டும். பிலிருபின் (செங்கண்மாரியில் இரத்தத்தில் ஏறுகிற மஞ்சள் நிறப்பொருள்) இறங்காமல் கீமோ தொடங்க மாட்டார்கள் என்பதால் இது மூன்றாவது கேள்விக்கும் வாசல். இந்த ஒரு வேலைக்காக, நல்ல அனுபவமுள்ள ஆளிடம் கொழும்புக்குப் போகச் சொன்னால், அந்தப் பயணம் பெறுமதியானது என்பேன்.

மூன்றாவது, நோயின் ஓட்டத்தை மெதுவாக்குகிற கீமோ. இங்கேதான் வீடுகள் பிளவுபடுகின்றன, ஆகவே எண்களை உள்ளபடி சொல்கிறேன். 2010 இல் பிரித்தானியாவில் 410 பேரிடம் செய்த ஆய்வில் (பித்தக் குழாய்ப் புற்றுநோயும் பித்தப்பைப் புற்றுநோயும் சேர்ந்தவர்கள்) ஜெம்சைட்டபினோடு சிஸ்பிளாட்டின் சேர்த்தவர்களின் நடுத்தர ஆயுள் 11.7 மாதம், ஜெம்சைட்டபின் மட்டும் எடுத்தவர்களுக்கு 8.1 மாதம். அதே வருடம் தில்லி எய்ம்ஸில் பித்தப்பைப் புற்றுநோய் மட்டும் உள்ள, அறுவைக்கு எட்டாத 81 பேரிடம் செய்ததில், ஜெம்சைட்டபினோடு ஒக்சாலிபிளாட்டின் எடுத்தவர்களுக்கு 9.5 மாதம், கீமோ இல்லாமல் நோவுக்கும் மற்றக் கஷ்டங்களுக்கும் மட்டும் பார்த்தவர்களுக்கு 4.5 மாதம். நடுத்தரம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள், பாதிப் பேர் தாண்டவில்லை. எனக்கு இந்தத் தில்லி ஆய்வுதான் பெரிதாகப்படுகிறது, ஏனென்றால் அது எங்கள் நோயை மட்டும் பார்த்தது, எங்களைப் போன்ற உடம்புகளில் பார்த்தது. ஐந்து மாதம் சின்னதில்லை. ஒரு பேத்தியின் கலியாணம், லண்டனில் இருக்கிற மகள் வந்து நின்று போவது, இதெல்லாம் அதற்குள் அடங்கும்.

ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் எழும்பி நடமாடக் கூடியவர்கள். பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு, சாப்பாடு இறங்காத ஆளுக்கு, பிலிருபின் ஏறின ஆளுக்கு அதே கீமோ அந்த மாதங்களைத் தராது, இருக்கிற வாரங்களையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்துவிடக்கூடும். ஆகவே கேள்வியை "கீமோ செய்யலாமா" என்று வைக்காமல், "இந்த உடம்புக்கு, இண்டைக்கு இருக்கிற நிலைமையில செய்தால் நல்லதா" என்று வைக்க வேண்டும். நோவை அடக்கி ஸ்டென்டும் வைத்து இரண்டு வாரத்தில் ஆள் எழும்பினால் விடை மாறலாம். நடுவில் நிற்கிற வழியும் இருக்கிறது: இரண்டு மூன்று சுற்றுக் கொடுத்து ஸ்கான் எடுத்துப் பார்ப்பது, பலன் இல்லாவிட்டால் நிறுத்துவது. நிறுத்துவதற்கு எது அடையாளம் என்று தொடங்க முதலே வைத்தியரோடு கதைத்து வைத்தால் பிறகு யார் மீதும் பழி விழாது.

புதிய மருந்துகள் பற்றி வெளிநாட்டுப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கீமோவோடு துர்வாலுமாப் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற மருந்து) சேர்த்த ஆய்வில் நடுத்தர ஆயுள் 11.5 மாதத்திலிருந்து 12.8 ஆனது, அதே வகையான பெம்ப்ரோலிசுமாப் சேர்த்ததில் 10.9 இலிருந்து 12.7. உண்மையான முன்னேற்றம்தான், ஒரு சிலருக்கு நீண்டகாலப் பலனும் கிடைக்கிறது. ஆனால் துர்வாலுமாப் ஆய்வில் பித்தப்பைக்காரர்களுக்கு மட்டும் பிரித்துப் பார்த்தால் பலன் தெளிவாக இல்லை. அந்தச் செலவுக்காகக் காணியை ஈடு வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதைவிட முதலில் கேட்க வேண்டியது, பயொப்சியில் ஹெர்-2 (சில புற்றுநோய்களில் கூடுகிற ஒரு புரதம்) பரிசோதனை செய்தாயிற்றா என்பது. பித்தப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒருவர் இரண்டு பேரிடம் அது கூடுதலாக இருக்கும், இருந்தால் மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ட்ராஸ்டுசுமாப் வகை மருந்துகளுக்கு வழி திறக்கும். ஏற்கனவே எடுத்த சதைத் துண்டிலேயே செய்யலாம், திரும்பக் குத்த வேண்டியதில்லை.

இனி ஊருக்கு வருவோம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்துக் கட்டப்பட்டது, 2013 இல் திறந்தார்கள். நடந்தவர்களிலும் காசு போட்டவர்களிலும் தெற்கு ஆட்கள் ஏராளம், அதை நான் மறக்கிறதில்லை. அதற்கு முன்னம் இங்கிருந்து மகரகமவுக்குப் போவதைத் தவிர அநேகருக்கு வழி இருக்கவில்லை. இப்போது கீமோ, எலும்புக்கு ரேடியேசன், மோர்பின் மூன்றும் கிட்டவே கிடைக்கிறது, காசில்லாமல். மேலே சொன்ன கீமோ, மூன்று வாரத்துக்குள் முதலாம் நாளும் எட்டாம் நாளும் ஏத்துகிற மருந்து, ஒவ்வொரு முறையும் முதல் இரத்தம் பார்க்க வேண்டும், இடையில் 38 பாகைக்கு மேலே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வாட்டில் நிற்க வேண்டும். இந்தச் சுற்றை வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் ஓட்டுவதற்கும் நானூறு கிலோமீற்றர் தள்ளி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், நோயாளியைவிடப் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்குத்தான் நன்றாக விளங்கும். குறையும் இருக்கிறது: கூட்டம், காத்திருப்பு, இடைக்கிடை "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தருவது. வைத்தியரோடு ஆறுதலாகக் கதைக்க நேரம் கிடைக்காது. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்தச் சில நிமிடத்துக்குள் முக்கியமானதைக் கேட்டுவிடலாம்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலை நாட்டிலேயே பெரியது, அனுபவமும் கூட. ஆனால் இந்த நோய்க்கு அங்கே ஏத்துகிற அடிப்படைக் கீமோ இங்கே ஏத்துவதுதான். இங்கே இல்லாத ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக வைத்தியரே எழுதி அனுப்பினால் போகலாம். "பெரிய இடம்" என்பதற்காக மட்டும், முள்ளந்தண்டில் நோயோடு இருக்கிற ஆளை இரவு பஸ்ஸில் ஏற்றுவது எனக்குச் சரியாகப்படவில்லை. போவதாக இருந்தால் ரயிலில், அல்லது படுக்க வைத்துக் கொண்டுபோகிற வாகனத்தில், மோர்பின் நேரத்தைப் பயணத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தி. மொழியும் ஒரு விசயம். இரவில் வாட்டில் நோ வந்து எழும்புகிற எழுபது வயது அம்மா, எங்கே நோகுது என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் படுகிற பாடு தனி.

சென்னை. பலாலியிலிருந்து விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, தமிழ் பேசலாம், 1954 இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரிகளில் பெட் ஸ்கானும் மரபணுப் பரிசோதனையும் விரைவாக முடியும். இரண்டாவது அபிப்பிராயம் கேட்க நல்ல இடம். ஆனால் அபிப்பிராயத்துக்கு ஆள் போக வேண்டியதில்லை, கோப்பும் ஸ்கான் சீடியும் பயொப்சிச் சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் போனாலே அநேகமாகப் போதும், மகனோ மருமகனோ கொண்டுபோகலாம். ஆளைக் கொண்டுபோய்க் கீமோ தொடங்கினால் மாதக்கணக்கில் வாடகை வீடு, கூட நிற்கிற ஆளின் விசா, சாப்பாடு, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தனியார் கட்டில் என்று செலவு போகும், கனடாக் காசும் கரையும். அப்புறம் வீட்டில் யாரும் கதைக்க விரும்பாத விசயம்: அங்கேயே ஏதும் நடந்தால் உடலைக் கொண்டுவர மரணச் சான்றிதழ், பதப்படுத்தல், தூதரகக் கடிதம், விமானச் சரக்கு என்று நாட்கள் போகும். தன் வளவில், தன் சனத்துக்கு நடுவில் போக வேண்டும் என்று நினைக்கிற மனிசியை அங்கே வைத்திருப்பது யாருடைய மன ஆறுதலுக்கு என்று தொலைபேசியில் இருக்கிற பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பெரியம்மாவின் மகனிடம் நான் அப்படிக் கேட்டபோது கொஞ்ச நேரம் கதை இல்லை, பிறகு "அப்ப நான் என்ன செய்யிறது?" என்றார். டிக்கெட்டுக்கு வைத்த காசில் நீங்கள் வாங்கோ, மிச்சத்துக்கு ஒரு நல்ல கட்டிலும் இரவுக்கு நிற்க ஒரு ஆளும் என்றேன். வந்தார்.

வீடு என்பதைப் பலர் "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் இந்த நாலு தெரிவிலும் அதிகம் வேலை வாங்குவது அதுதான். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில், காற்று மெத்தை, கட்டிலுக்குப் பக்கத்தில் கொமோட் கதிரை (எங்கள் பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் கோடியில் இருக்கும், இரவில் படி இறங்கிப் போக விட்டால் தொடை எலும்பு போய்விடும்), இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர், மோர்பின் முடிய முதலே போய் எடுக்க ஒருவர். வீட்டில் வைத்துப் பார்ப்பதும் கிளினிக்கோடு தொடர்பில் இருப்பதும் ஒன்றையொன்று தள்ளாது. கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஒரு நாள் ரேடியேசனுக்குப் போய் வரலாம், ஸ்டென்ட் வைக்கலாம். சாப்பாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள், உடம்பு கேட்காத காலத்தில் ஊட்டினால் சத்திதான் மிச்சம். இரண்டு கரண்டி கஞ்சி என்றால் இரண்டு கரண்டி.

இவ்வளவும் கதைத்தோம், நோயாளியிடம் கேட்டோமா? "அம்மாட்டச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டா" என்பது எங்கள் வழக்கம். ஆனால் தெல்லிப்பழைக் கிளினிக் வரிசையில் இருக்கிற எந்த அம்மாவுக்கும் தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். எல்லா எண்ணையும் சொல்ல வேண்டும் என்று இல்லை. "எவ்வளவு தெரிய வேணும் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டால் அவரே சொல்வார். பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: நோ இல்லாமல் இருக்க ஏலுமா, மருந்து ஏத்தினால் கோயில் திருவிழாவுக்கு எழும்பி இருக்க ஏலுமா. அதற்கு ஏற்றபடிதான் நாங்கள் கீமோவை அளந்தோம், நாலு கட்சியும் அப்போதுதான் ஒன்றாகியது.

இதையெல்லாம் வாசித்த பிறகும் கொழும்போ சென்னையோ என்று முடிவெடுத்தால், நல்லது, போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பயொப்சி அறிக்கையும் அதன் மெழுகுக் கட்டியும், ஸ்கான் சீடி (அறிக்கைத் தாள் மட்டும் போதாது), கடைசி இரத்தப் பரிசோதனைகளில் பிலிருபின், கிரியாட்டினின், கல்சியம் மூன்றும், எந்த எலும்புக்கு எப்போது எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற குறிப்பு, ஸ்டென்ட் வைத்த திகதியும் வகையும், இப்போது எடுக்கிற குளிசைகளின் பெயரும் அளவும். மோர்பினைக் கடல் கடந்து கொண்டுபோக வைத்தியரின் கடிதம் வேண்டும், விமான நிலையத்தில் நின்று விளங்கப்படுத்த முடியாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேரிடம் வைத்திருங்கள், கிளினிக் கொப்பியை மட்டும் ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், திரும்பி வந்து தெல்லிப்பழையில் காட்ட அதுதான் வேண்டும்.